நார்வே ஸ்புரூஸுக்கு மக்காவ் கிளியைவிடப் பெரிய ஜீனோமா?

ஜீனோம், அதாவது ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ., பற்றிய உங்கள் அட்டவணையில் ஒரு மரத்துக்குக் கிளியைவிடப் பெரிய எண் வந்திருப்பது பிழையோ என்று கேட்டிருந்தீர்கள்; பிழை இல்லை. நார்வே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்குச் சுமார் 2,000 கோடி கார இணைகள் (டி.என்.ஏ. நீளத்தை அளக்கும் அலகு), ஸ்கார்லெட் மக்காவ் கிளிக்குச் சுமார் 120 கோடிதான். எண்களை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஜீன்கள் அதிகம் என்பதால் வந்த வித்தியாசம் இல்லை இது. 2013-ல் வெளியான ஸ்புரூஸ் ஜீனோமில் கணக்கிட்டவை சுமார் 28,000 ஜீன்கள்தான். மிச்சத்தில் பெரும்பங்கு, தன்னைத்தானே நகலெடுத்து வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகளான தாவும் கூறுகள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சுமை. ஊசியிலை மரங்கள் அதைக் கழித்துவிடுவதில் ரொம்ப மந்தம். பறவைகளிடம் இந்தக் குவியல் மிகக் குறைவு.

ஒன்றைச் சரிபாருங்கள்: இரண்டு எண்களும் ஒற்றைக் குரோமோசோம் தொகுதிக்கு உரியவையா? ஸ்புரூஸில் அது 12 குரோமோசோம். இரட்டைத் தொகுதியான 24-க்கான அளவை எடுத்திருந்தால் பாதியாக்குங்கள். அளவு டி.என்.ஏ.வின் எடையாக, பிகோகிராமில் இருந்தால், கார இணைகளாக மாற்ற 97.8 கோடியால் பெருக்குங்கள்.

அப்புறம், அட்டவணையில் ஜீன் எண்ணிக்கைக்கென்று தனி நெடுவரிசை போட்டிருந்தால் அதை உறுதியாக எழுதாதீர்கள். ஸ்புரூஸின் அந்த முதல் வரைவு துண்டு துண்டாகத்தான் இருந்தது; நீளமான ஒரே ஜீன் உடைந்து இரண்டாக எண்ணப்பட்டிருக்கலாம்.