எடைக் கருவி கட்டிலுக்கு அடியிலா கிடக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. இதயச் செயலிழப்பு என்று ஆறு நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்றே வாரத்தில் மூச்சுத்திணறி மறுபடியும் அதே வார்டு. மாத்திரை ஒன்றுகூட விடவில்லை. எங்கே தப்பு செய்தோம்? – ஒரு வாசகி, ஈசூன்

பதில்: உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், நிறைய வீட்டில் நடப்பதுதான். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்ததால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது, வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் அது மறுபடி சேரும் அபாயம் அதிகம். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்னால் பெரும்பாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும். எடைக் கருவி கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தால் இழுத்துக் கழிவறை வாசலில் வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காப்பிக்கு முன்னால், தினமும் அதே மாதிரி கைலியோடு ஏறி நிற்கட்டும், எண்ணைக் காலண்டர் கட்டத்தில் எழுதிவிடுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது கோழிக்கறி செய்த வேலை இல்லை, தண்ணீர். அன்றைக்கே மருத்துவமனைத் தாதிக்குப் போன் செய்யுங்கள். படுத்தால் மூச்சு வாங்கி, ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்கிறார் என்றாலும் அப்படித்தான்.

மாத்திரையை விடாதவருக்கு ஏன் தண்ணீர் ஏறியது? எனக்குச் சந்தேகம் இரண்டின் மேல். ஒன்று உப்பு. “வீட்டுச் சமையலில் உப்பே இல்லை டாக்டர்” என்பார்கள், சரி, ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ் எல்லாம் என்ன கணக்கு? உணவங்காடியில் மீ (நூடுல்ஸ்) சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாலே அன்றைய உப்புக் கணக்கில் பெரும்பகுதி போய்விடும், உப்பு நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், அவர் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாமல் போகலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று முட்டிவலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். அப்பா சட்டைப்பையில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், இதை யாரும் தாங்களாகச் சொல்வதில்லை.

இந்த முறை டிஸ்சார்ஜ் ஆனால் 7 முதல் 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள், போகும்போது காலண்டர் தாளையும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோங்கள். நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ டாக்சி தேட வேண்டாம், ஆம்புலன்சுக்கு 995.