தாழ்ப்பாள் பிய்ந்த வீடு

வணக்கம் ஐயா,

கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஒரு வருஷமாகத் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான், தங்கச்சியை அடிக்கிறான். போன வாரம் போனுக்கு ரீசார்ஜ் பண்ணவில்லை என்று கதவை உதைத்ததில் தாழ்ப்பாள் பிய்ந்துவிட்டது. கடைசியில் பண்ணிக் கொடுத்துவிட்டேன். ‘கொழுப்பு, ரெண்டு சாத்து’ என்கிறார் அண்ணன். இதை ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கோத்தகிரி வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் அவன் வாயால் சொன்னது ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளின் கோபத்தை ஆராய்பவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல்: பெற்றவர், டீச்சர், பிள்ளை மூவரும் சொல்வது பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. மனநல ஆய்வாளர் ஸ்ட்ரிங்காரிஸின் குழு 2012இல் எரிச்சலை அளக்க ஏழு கேள்விப் படிவம் தயாரித்தபோது, பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கே ஒன்று என்று வைத்தது.

1990களில் அமெரிக்காவில் ஓயாமல் சிடுசிடுக்கும் பிள்ளைகள் பலருக்கு இருதுருவ மனநோய் (அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) என்று முத்திரை குத்தினார்கள். எலன் லீபன்லுஃப்ட் போன்ற மனநல ஆய்வாளர்கள் அது சரிதானா என்று ஆராய்ந்தார்கள். வளர்ந்தபின் அப்படிப்பட்டவர்களிடம் அதிகம் தென்பட்டது மனச்சோர்வும் பதற்றமும்தான். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவே வரலாம். உங்கள் மகனுக்கு அதுதான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் ‘கொழுப்பு’ என்று தீர்ப்பு எழுதி அடிப்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ரீசார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். உதைத்தான், கொடுத்தீர்கள், வீடு அடங்கியது. உதைத்தால் கிடைக்கும் என்று அவனும், கொடுத்தால் அடங்கும் என்று நீங்களும் பழகிப்போகிறீர்கள். அமெரிக்காவின் ஓரிகானில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்து விளக்கியது இந்தச் சுழலைத்தான். மாதம் எவ்வளவு, எந்தத் தேதி என்று அவனோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தேதியில் தவறாமல் போடுங்கள், உதைத்தால் போடாதீர்கள். முதலில் சத்தம் கூடும், கொஞ்சம் தாங்குங்கள். கை நீட்டினால் வாதாட வேண்டாம், சின்னவளை உடனே பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

சண்டை இல்லாத நாளில், அவன் சாப்பிடும்போது கேளுங்கள்: ராத்திரி தூக்கம் வருகிறதா, பஸ்ஸிலோ பள்ளியிலோ யாராவது சீண்டுகிறார்களா, எதையாவது நினைத்துப் பயமா. பதிலுக்கு அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டாலே போதும்.

அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். ‘செத்துப்போறேன்’ என்று அவன் ஒரு தடவை சொன்னாலும் மிரட்டல் என்று விடாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.