மாதாமாதம் கட்டுவதால் மட்டும் அது மாதச் சந்தா ஆகிவிடாது

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்துக்கு ஒரு மென்பொருளை 20 பேருக்குச் சந்தா எடுத்தோம். மாதாமாதம் கார்டில் பணம் போகிறது. 6 பேர் வேலையை விட்டுப் போனதால் ஐந்தாவது மாத முடிவில் ரத்து கேட்டோம். ‘இது ஆண்டுத் திட்டம், மீதி 7 மாதமும் 20 பேருக்கும் கட்டுங்கள்’ என்கிறார்கள். ‘சம்மதம்’ அழுத்தியது எங்கள் ஊழியர், நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கார்டை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், கார்டில் இப்போது கை வைக்காதீர்கள். பணம் நின்றால் கணக்கை முடக்கிவிடுவார்கள், உங்கள் தரவும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கடனோ அப்படியே நிற்கும். முதலில் தரவு முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து இல்லை என்ற வாதம் நிற்காது. வாங்கும் வேலையை அந்த ஊழியரிடம் விட்டதே நீங்கள்தான், அப்புறம் 5 மாதம் மறுப்பே சொல்லாமல் பணமும் கட்டியிருக்கிறீர்கள், அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்கும். நுகர்வோர் சட்டத்தையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பும் உரிமைகூட தனிநபர் நுகர்வோருக்குத்தான், தொழிலுக்காக வாங்குபவருக்கு இல்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது என்றால் அது ஒரே இடத்தில்தான்: வாங்கிய அன்று திரையில் என்ன தெரிந்தது? ஆண்டுக் கட்டுப்பாடு உள்ள திட்டத்தைத் தவணையில் கட்டுவது வேறு, மாதத் திட்டம் வேறு. முன்னதில் மாத விலை குறைவாக இருப்பதே நீங்கள் 12 மாதம் இருப்பீர்கள் என்ற வாக்குக்காகத்தான். ‘ஆண்டு’ என்ற சொல் விலைக்குப் பக்கத்திலேயே இருந்ததா, எங்கோ கீழே ஒளிந்திருந்ததா? 2002இல் நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தின் வழக்கில், பதிவிறக்கப் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால்தான் தெரியும்படி வைத்த நிபந்தனைகள் பயனரைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் அன்று வந்த உறுதி மின்னஞ்சல், முதல் இன்வாய்ஸ், ஊழியரிடம் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

அதில் ‘ஆண்டு’ என்று தெளிவாக இருந்தால், சரி, வழக்கை விட்டுப் பேச்சுக்கு வாருங்கள். 14 பேருக்குக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், பதிலுக்கு இன்னொரு ஆண்டுக்குக் கட்டிப்போடப் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

தானாகப் புதுப்பிக்கும் நிபந்தனையையும் இன்றே படியுங்கள். புதுப்பிப்புக்கு 30, 60, சில ஒப்பந்தங்களில் 90 நாள் முன்னதாகவே மறுப்பு போய்ச் சேர வேண்டும். ‘புதுப்பிக்க விருப்பமில்லை’ என்ற கடிதத்தை, அறிவிப்புக்காக ஒப்பந்தம் சொல்லும் முகவரிக்கே இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்; உதவி மையத்தின் அரட்டைப் பெட்டியில் சொன்னது போதாது.