உலகின் மிகப் பெரிய நாடான ரஷ்யாவுக்குக் கடல் ஏன் இவ்வளவு தலைவலி?

நிலப்பரப்பில் முதலிடம், வடக்கே நீண்ட கடற்கரை. அப்படியிருந்தும் கடலில் ரஷ்யாவின் கை ஓங்காதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்கரையின் நீளத்தை விட, அங்கிருந்து வெளியேறும் வாசல் யார் கையில் என்பதுதான் முக்கியம்.

கருங்கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரைமியாவிலுள்ள ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலில் கிளம்பும் போர்க்கப்பல் மத்தியதரைக் கடலுக்குப் போக, இஸ்தான்புல் நகரை ஊடறுத்து ஓடும் பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டியாக வேண்டும். மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 700 மீட்டர்தான். 1936இன் மோன்ட்ரோ உடன்படிக்கை அதன் சாவியைத் துருக்கியிடம் கொடுத்திருக்கிறது. 2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் போரைக் காரணம் காட்டி துருக்கி போர்க்கப்பல்களுக்கு வழியை அடைத்தது. கருங்கடல் தளத்துக்குத் திரும்பும் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு. ஏப்ரலில் ரஷ்யக் கருங்கடல் படைப்பிரிவின் தலைமைக் கப்பல் 'மாஸ்க்வா' மூழ்கியபோது, அதே ரகக் கப்பல்கள் இரண்டு பசிபிக், வடக்குப் படைப்பிரிவுகளில் இருந்தும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. அணு ஆயுத வல்லரசுக்கே இந்தக் கதி!

பால்டிக் கடலிலும் வெளியேறும் வழி டென்மார்க்கை ஒட்டித்தான். 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தபின் நெருக்கடி கூடிவிட்டது.

தரையில் நிலைமை தலைகீழ். மத்திய ஆசிய நாடுகளுக்குப் பெருங்கடலை எட்ட வழியில்லை. கஜகஸ்தான் ஏற்றுமதி செய்யும் எண்ணெயில் பெரும்பகுதி ரஷ்ய மண்ணில் ஓடும் குழாய் வழியாகவே ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்க் அருகே கப்பலேறுகிறது. இங்கே வாசல் மாஸ்கோவின் கையில். அந்தப் பிடியும் இப்போது முழுமையானதல்ல என்பேன்: துர்க்மெனிஸ்தானின் எரிவாயு 2009 இறுதியிலிருந்து குழாய் வழியாகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.