பாட்டி வீட்டு நாணயம் வெள்ளியா? தண்ணீரே சொல்லும்

செங்கோட்டையில் பாட்டி வீட்டு வெற்றிலைச் செல்லப்பெட்டியில் விக்டோரியா தலை போட்ட ஒரு ரூபாய் கிடைத்திருக்கிறது, உரசிப் பார்க்காமல் வெள்ளிதானா என்று அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். முதலில் நாணயத்தை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம் என்பதால், தராசு காட்டும் கிராம்தான் கன செ.மீ.யில் நாணயத்தின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. விளிம்பின் பற்களில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும். விரலால் தேய்த்து விரட்டுங்கள். நான் முதல் தடவை ஏமாந்தது அதில்தான்.

அந்த ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. தராசு 1.13 அருகே காட்டினால் அடர்த்தி 10.3, நல்ல நாணயம். 1.3 என்றால் அடர்த்தி 9. செம்புக் கலவைப் போலியாக இருக்கலாம்.

பழைய அறுகோண இருபது பைசா அலுமினியம், 2.7. இப்போதைய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, 7.7 அளவில் வரும். அதற்குக் காந்தமே போதும். ஆனால் கனத்த பழைய ஐந்து ரூபாயில் இந்த வித்தை பலிக்காது. அது செம்பும் நிக்கலும் கலந்தது. இரண்டுக்குமே அடர்த்தி ஏறக்குறைய 8.9. சக்கரம் என்ற திருவிதாங்கூர்ச் செம்பு நாணயமும் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். அங்கே நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.