லண்டனில் இருக்கும் அப்பாவிடம் தாபரிப்புக் கேட்க முடியுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மாணவர் வீசாவில் லண்டன் போன கணவர் அங்கேயே வேலை எடுத்து நின்றுவிட்டார். முதலில் மாதாமாதம் காசு வந்தது. இப்போது ஒன்றரை வருடமாக ஒன்றும் இல்லை. கேட்டால், "நான் லண்டனில் இருக்கிறன், கொழும்புக் கோடு என்னை என்ன செய்யும்?" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். மாமியார் 15 இலட்சம் தருகிறாராம்; இனிப் பிள்ளைகளுக்கு எதுவும் கேட்கமாட்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். விவாகரத்து ஆகவில்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். தாபரிப்பு, அதாவது பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவுக்குத் தகப்பன் தர வேண்டிய பணம், உங்கள் பிள்ளைகளின் உரிமை. தாய் எழுதிக் கொடுத்து அதை இல்லாமல் ஆக்க முடியாது. அப்படியானால் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நாளைக்கு அதே கடதாசியை நீதிமன்றத்தில் காட்டி, "எல்லாம் பேசி முடித்தாயிற்று" என்று வழக்கை இழுத்தடிப்பார்கள். மாமியார் மனம் வைத்துக் காசு தந்தால் வாங்குங்கள்; பிள்ளைகளின் செலவுக்கு என்று மட்டும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்.

விவாகரத்து வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தகப்பனுக்கு எதிராக, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். 18 வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் 25 வயது வரை கேட்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நீதிமன்றம் கட்டச் சொல்லும் பணம் பொதுவாக விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும். போன ஒன்றரை வருடத்தை மீட்பது கடினம். இனித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நிலுவை வைத்தால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்ப நம் நீதவானுக்கு அதிகாரம் உண்டு; அந்த அதிகாரம் லண்டனுக்கு எட்டாது. மற்றப் பாதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இங்கு 1921இல் வந்த தாபரிப்புக் கட்டளைகளை நிறைவேற்றும் வசதிகள் பற்றிய கட்டளைச் சட்டமும், பிரித்தானியாவில் 1920இல் வந்த அதே வகைச் சட்டமும் இன்றைக்கும் பயன்படுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து செய்வது இதுதான். நீங்கள் கொழும்பில் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சியத்தை நீதிமன்றம் எழுத்தில் பதிந்து, கணவர் இல்லாமலே ஒரு தற்காலிகக் கட்டளை போடும். அந்தக் கட்டளையும் சாட்சியமும் பிறப்புச் சான்றிதழ் முதலான பத்திரங்களும் அரசு வழியாக இங்கிலாந்துக்குப் போகும். அங்குள்ள குடும்ப நீதிமன்றம் அவரை அழைத்து, அவருக்குச் சொல்ல இருப்பதைக் கேட்கும். பிறகு கட்டளையை அப்படியே, அல்லது தொகையை மாற்றி உறுதிசெய்யலாம். உறுதியானதும் அது அந்த நாட்டுக் கட்டளை போலத்தான். கட்டாமல் விட்டால் அவருடைய சம்பளத்திலேயே பிடித்தெடுக்க அந்த நீதிமன்றத்தால் முடியும். நீங்கள் விமானம் ஏறத் தேவையில்லை.

நல்ல வழக்குகள் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கெதியாக முடியட்டும் என்று கணவரின் பழைய இலங்கை விலாசத்தைக் கொடுத்து, அங்கே அழைப்பாணை ஒட்டி, அவர் வராததால் ஒருதலைப்பட்சமாகக் கட்டளை எடுப்பார்கள். இங்கே சுகமாகக் கிடைக்கும். லண்டனில், "எனக்கு வழக்கே தெரியாது" என்று அவர் ஒரு வரி சொன்னால் அது நிற்பது கஷ்டம். ஆகவே உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள்: அவர் இங்கிலாந்தில் வசிக்கிறார் என்று உள்ளபடி எழுதி, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தற்காலிகக் கட்டளை கேட்க வேண்டும். பழக்கமில்லாத வழி என்று தயங்கினால், அதைச் செய்யத் தயாரான வேறொருவரைப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இனி விலாசம். அவர் காசு அனுப்பிய காலத்துத் துண்டுகளை எறிந்துவிட்டீர்களா? அனுப்பியவரின் பெயரும் இடமும் அதில் இருக்கலாம். மகளின் பிறந்தநாளுக்குப் பார்சல் வந்திருந்தால் மட்டையில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். வேலை செய்யும் இடம், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, அண்மைக்காலப் படம், எல்லாம் அவரைக் கண்டுபிடிக்க உதவும். வொய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள்.

வாடகை, பாடசாலை, டியூஷன், மருந்து என்று பிள்ளைகளின் மாதச் செலவைப் பற்றுச்சீட்டுகளோடு எழுதுங்கள். உங்களுக்கு வருமானம் இருந்தால் மறைக்க வேண்டாம். நீதிமன்றம் இரு பெற்றோரின் வருமானத்தையும் பார்க்கும். ஒளித்தது வெளியே வந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். கூட்டிக் கேட்டால் பிறகு குறைத்தாவது தருவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்படிக் கூட்டிக் கேட்க வேண்டாம். இங்கிலாந்தில் உங்களை நேரில் காணாத நீதிபதி காகிதத்தை மட்டும் வைத்துத்தான் முடிவெடுப்பார்.

லண்டன் உறவினர் யாராவது, "இங்கே பிள்ளைகளுக்குக் காசு வாங்கித்தரும் அரசாங்கச் சேவை இருக்கு" என்பார்கள். இருக்கிறது, ஆனால் பொதுவாகப் பெற்றோர் இருவரும் பிள்ளையும் அந்த நாட்டில் வசித்தால்தான் அது தலையிடும். அதில் நேரத்தை விடாதீர்கள்.

இதே நிலையில் இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவர் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே போன்ற நாட்டில் இருந்தால், வெளிநாட்டில் தாபரிப்புப் பெறுவது பற்றிய 1956ஆம் ஆண்டின் நியூயோர்க் உடன்படிக்கை உதவும். இலங்கை 1958இலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஒரு நாட்டின் முகவர் அமைப்பு மற்ற நாட்டின் அமைப்புக்கு விண்ணப்பத்தை அனுப்பும். அந்த அமைப்புகள் தங்கள் சேவைக்குக் கட்டணம் எடுக்கக்கூடாது. நீதி அமைச்சில் விசாரியுங்கள். கனடா அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே என்றால் அவர் வசிக்கும் மாகாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பதுதான் சரி. முஸ்லிம் குடும்பங்கள் காதி நீதிமன்றத்தில் தொடங்க வேண்டும்.

காலம் எடுக்கும் சகோதரி, ஆறு மாதத்தில் முடியும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பத்திரங்கள் போய்வரும் இடைவெளியில் வீடு மாறினால் புது விலாசத்தை நீதிமன்றப் பதிவாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.