கையால் கடைந்த பேனாவுக்கு ஏன் இவ்வளவு விலை? அப்படி என்ன பொருளில் செய்கிறார்கள்?

கையால் கடைந்த ஒரு பேனாவுக்கு இருபதாயிரம் ரூபாய் விலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்படி என்ன அபூர்வமான பொருள்? இந்த விலை நியாயந்தானா? முதல் பேனாவாக எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆந்திர எல்லையில், நகரியில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் கட்டில் கால், தொட்டில் கட்டை, பம்பரம் என்று ஓடிய லேத். பதினோரு வருடமாக அதன் பக்கத்திலேயே சின்ன லேத் ஒன்று போட்டுப் பேனாவும் கடைகிறேன். என் அனுபவத்தில், விலையில் பாதிக்கு மேல் காத்திருப்புக்கும் கழிவுக்கும் போய்விடுகிறது. அபூர்வம் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

கருங்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் ஏமாந்தது அதில்தான். கருங்காலி மாலைக்குக் கிராக்கி ஏறியிருந்த சமயம். இணையத்தில் விற்ற ஒருவரிடம் ஐந்து அங்குலத் துண்டுகள் பத்து வாங்கினேன். பார்க்க அட்டக்கரி. லேத்தில் மாட்டி உளியை வைத்ததும் கறுப்புத் தூள் கொட்டியது. ஒரு நூல் ஆழம் போயிருப்பேன், உள்ளே வெளுத்த மரம். சாயத்தில் ஊறப் போட்ட ஏதோ மட்ட மரம் அது. பத்தும் அப்படியே. அசல் கருங்காலியின் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி, நடுவரைக்கும் கறுப்பாக இருக்கும். சீவல் சுருண்டு வராது, பொடியாக உதிரும். சின்னத் துண்டுகூடக் கையில் கனக்கும்.

அசலே கிடைத்தாலும் அன்றைக்கே கடைய முடியாது. இரண்டு முனையிலும் மெழுகு தடவி, நிழலில், காற்றோட்டத்தில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகும், துளை போடும்போது சூடு ஏறினால் நெடுக விரிசல் விட்டுவிடும். பத்துத் துண்டு எடுத்தால் எனக்கு ஆறோ ஏழோதான் தேறும். மீதியின் விலையும் தேறியதன் தலையில்தான் ஏறும். தென் அமெரிக்காவின் சுரினாம், கயானா பக்கத்திலிருந்து வருகிற பாம்பு மரம் இதைவிட மோசம். பாம்புச் சட்டைபோலப் புள்ளி ஓடும், அவ்வளவு அழகு. ஆனால் கடைந்து முடித்து மெருகு போட்ட பிறகும் ஒரு நாள் பட்டென்று பிளக்கும்.

செல்லுலாய்டின் கதை வேறு. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்கிற பழைய பிளாஸ்டிக் அது. 1870இல் அமெரிக்காவில் ஜான் ஹயாட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1924இல் ஷேஃபர் நிறுவனம் இதில் பேனா செய்யத் தொடங்கிய பிறகு பேனா உலகமே இதன் பின்னால் போனது. முத்துச்சிப்பிபோல உள்ளுக்குள் ஒளி புரளும். இன்றைய ரெசின் பிளாஸ்டிக்கில் அந்த ஆழம் வருவதில்லை. முன்பு செய்தவர்கள் பலர் நிறுத்திவிட்டதால், பழைய இருப்புத் தண்டுகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது.

இதைக் கடையும்போது பட்டறை முழுக்கப் பூஜை அறை வாசம். வாசம் மட்டுமா, குணமும் அதுதான். சீவல் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி பட்டால் கற்பூரம்போலக் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால் காலடியில் தண்ணீர் வாளி வைத்து, சீவலை அவ்வப்போது அதில் தள்ளிவிடுவேன். புதிதாகச் செய்த தண்டிலிருந்து மாதக்கணக்கில் கற்பூரம் வெளியேறியபடி இருக்கும், தண்டும் மெல்லச் சுருங்கும். அவசரப்பட்டு மரை வெட்டினால் தீபாவளிக்குப் பொருந்திய மூடி பொங்கலுக்குப் பொருந்தாது.

இப்போது செம்மரம். உலகத்தில் இது இயற்கையாக வளர்வதே தெற்கத்திய கிழக்குத் தொடர்ச்சி மலைகளில்தான். கடப்பா, சித்தூர், நெல்லூர் பக்கத்துக் காடுகள். எங்கள் ஊரிலிருந்து திருப்பதி பக்கம் போனால் சேஷாசலம் மலைத்தொடர் தெரியும். அதன் வைரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துக்கு இந்த மரத்தைத்தான் உயர்ந்ததாக நினைக்கிறார்கள். 1995இலிருந்து இது சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து ஒரு குச்சிகூட எடுக்க முடியாது. முறையாக வாங்கி, ரசீதும் போக்குவரத்து அனுமதியும் கையில் இருந்தால்தான் கடையலாம்.

காகிதம் இல்லாமல் கொண்டுவந்து நீட்டியவர்களும் உண்டு. நான் தொட்டதில்லை. கூலிக்கு மரம் வெட்டப் போன இருபது பேர் 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்துத் தமிழர்கள். மரத்தை விற்றுக் காசு பார்த்தவன் வேறு எங்கோ இருந்தான். அப்படி வந்த மரத்தில் நான் எப்படி ஒரு பேனா கடைவேன்?

செம்மரத்தில் நான் கடைந்தது ஒரே ஒரு பேனா. எங்கள் தெருவில் ஓர் ஆயா, தன் கல்யாணச் சீராக வந்த மரப்பாச்சி பொம்மையை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தார். செம்மரத்தில் செதுக்கியது. ஒரு சாண் உயரம். கால் இரண்டும் பாதியாகத் தேய்ந்திருந்தன. "வீக்கத்துக்கும் கட்டிக்கும் கல்லுல உரசிப் போட்டுப் போட்டே கால் போயிடுச்சு நைனா" என்றார். இடுப்பில் ஒரு விரிசலும் இருந்தது. பேத்திக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறதாம். முதல் கையெழுத்து இந்தப் பொம்மையால் போடவேண்டும் என்பது ஆயாவின் ஆசை.

எனக்குக் கை ஓடவில்லை. ஒரு வாரம் பொம்மையை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரிசலுக்குக் கீழே நல்ல மரம் இரண்டரை அங்குலம்தான் தேறும். மூடிக்கு மட்டும் போதும். தப்பாகிவிட்டால் வேறு துண்டுக்கு எங்கே போவது? லேத்தை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும் துளைக்கோலை வெளியே எடுத்து ஆறவைத்து, ஒரு துளை போடவே முக்கால் மணி நேரம் ஆனது. மேல்தோல் ஐம்பது அறுபது வருடக் கைபட்டுக் கறுத்திருந்தது. உளி பட்டதும் உள்ளே ரத்தச் சிவப்பு.

மெருகில் ஒரு பாடம் கற்றேன். செம்மரச் சாயம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகைத் துணியில் தொட்டுத் தேய்த்ததும் துணியெல்லாம் குங்குமம். உடனே நிறுத்திவிட்டு, வெறும் தேன்மெழுகு போட்டுக் கையாலேயே தேய்த்து முடித்தேன். உடலை எபோனைட் என்ற கறுப்புக் கெட்டி ரப்பரில் கடைந்தேன். மிஞ்சிய தலையையும் மார்பையும் அடியில் மட்டப்படுத்தி நிற்கிற மாதிரி செய்து ஆயாவிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பேனாவுக்கு விலை போடச் சொன்னால் எனக்குத் தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருஷி என்பது ஜப்பானிய மரப்பால் மெருகு. பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த மரத்தை ஒரு பருவம் முழுக்கக் கீறினால் கிடைப்பது ஏறத்தாழ 200 மில்லி, அதோடு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். நம் சேங்கொட்டைக்கும் முந்திரிக்கும் சொந்தக்கார மரம் அது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகிற மாதிரியே ஈர உருஷியும் அரிக்கும். மாதக்கணக்கில் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றுகிறார்கள். அந்த விலையில் எனக்குக் குறையே தெரியவில்லை. விண்கல் பேனாவும் உண்டு. இரும்பு விண்கல்லை அறுத்து நைட்ரிக் அமிலத்தில் கழுவினால் கோலம்போல் குறுக்குக் கோடுகள் எழும். லட்சக்கணக்கான வருடம் மெல்ல மெல்லக் குளிர்ந்ததால் உண்டான படிகங்கள் அவை. கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும்.

யானைத் தந்தம், மான்கொம்பு என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். காட்டில் தானாக உதிர்ந்த மான்கொம்பை விற்பதுகூட நம் நாட்டில் குற்றம். எருமைக் கொம்புக்கு அந்தத் தடை இல்லை, மெருகு போட்டால் அதுவும் அழகுதான்.

விலை அதிகமான பேனாக்களில் செலவு ஒளிந்திருக்கும் இன்னொரு இடம் நிப்பு. 14 காரட் நிப்பில் 58.5 சதவீதம் தங்கம், 18 காரட்டில் 75. தாளில் உரசுகிற நுனி மட்டும் தங்கம் இல்லை, தேயாத வேறு உலோகம். அதனால் பேனா விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மரம் எங்கிருந்து வந்தது, காகிதம் உண்டா? எத்தனை வருடம் உலர்ந்தது? நிப்பு தங்கமா, தங்க முலாமா? நேராகப் பதில் சொல்கிறவரிடம் இருபதாயிரம் கொடுக்கலாம். மழுப்புகிறவரிடம் இரண்டாயிரமும் வேண்டாம்.

முதல் பேனா என்றால் என் ஓட்டு எபோனைட்டுக்கு. ரப்பரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்துப் பல மணி நேரம் வேகவைத்த பொருள். ராஜமுந்திரியில் ரத்னம் பேனாவை, காந்தியின் சுதேசி அழைப்பை ஏற்று 1930களில் இதில்தான் கடைந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இன்றும் கையால் கடைகிறார்கள். உலோகம்போலச் சில்லென்று இருக்காது, கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும். சாதாரணக் கறுப்பு எபோனைட்டே எடுங்கள், மிச்சக் காசை நல்ல நிப்பில் போடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள். கறுப்பு வெளிறிப் பழுப்பாகிவிடும். உடலுக்குள்ளேயே நேராக மை ஊற்றும் ரகமாக இருந்தால், கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், சட்டைப்பை தப்பிக்கும்.